வளாகச் செய்தியில் ஒரு திருத்தம்

பதிவாளர் அலுவலகம்,
கதிரொளி சமூகக் கல்லூரி,
ஜாலான் புசார்.
5 மே 2025

எம்ஆர்டி ரயிலில் பாதி உலகத்தைச் சுற்றி, பேருந்து மாறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கியும் இருபது நிமிடம் நடந்தால்தான் எட்டக்கூடிய கிராஞ்சி என்னும் தூர தேசத்திற்குக் குடிபெயர்ந்துவிட்ட என் மருமகள் கவிப்ரியாவுக்கு, உன் அம்மா பாக்கியலட்சுமியின் ஒரே தம்பியும், இக்கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தை இருபத்தேழு ஆண்டுகளாக ஒற்றைத் தோளில் தாங்கி நிற்பவனுமாகிய சேதுபதி மாமா எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால்களில் ஒன்றும் நலம். மற்றது விடுப்பில் இருக்கிறது, உன்னைப் போல. அங்கே நீயும், உன் தோழி ருக்ஸானாவும், அவள் அப்பாவின் பண்ணையில் உன்னிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் பத்து லட்சம் செடிகளும் சுகம்தானே?

கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டாய். உன் அம்மா அனுப்பும் செய்திக்கெல்லாம் ஒற்றை டிக்தான் விழுகிறதாம். அதைப் பார்த்துப் பார்த்தே அக்காவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியதாகிவிட்டது. ஆனால் சேதுபதியிடம் அது பலிக்குமா? கல்லூரி விதி பதினான்கைப் படித்தேன். உலகம் தோன்றிய நாளிலிருந்து அதைப் படித்த முதல் மனிதன் நான்தான். விடுப்பில் இருக்கும் மாணவருக்கு வளாகச் செய்திகளையும் நிர்வாக அறிவிப்புகளையும் தபாலில் அனுப்ப வேண்டும். அவர் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட பதில் அனுப்ப வேண்டும். இரண்டு மாதம் பதில் வரவில்லை என்றால் கோப்பு மூடப்படும். திரும்பி வருகிறேன் என்று செப்டம்பர் 15க்குள் படிவம் தராவிட்டாலும் மூடப்படும். மூடினால், முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமாவில் நீ முடித்த ஐந்து பருவமும் ஆவியாகிவிடும். பாக்கி இருப்பது ஒரே ஒரு பருவம் என்பதை உனக்கு நினைவூட்ட மாட்டேன். நினைவூட்டவில்லை.

எனவே நிர்வாக அறிவிப்புகள். ஒன்று: மின்தூக்கி பழுது. பிப்ரவரியிலிருந்து பழுது. பாகம் கப்பலில் வருகிறதாம். அந்தக் கப்பலைப் பார்த்தவர் எவரும் இன்று உயிரோடு இல்லை. இரண்டு: ஒலி முகம்மதுவின் தே தாரிக் தேநீர்க் கடை தரைத்தளத்திலிருந்து இரண்டாம் மாடிக்கு மாற்றப்பட்டது. ஒன்றையும் இரண்டையும் சேர்த்துப் பார், என் முழங்காலின் கதை விளங்கும். மூன்று: மாணவர் அட்டையின் நிறம் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறுகிறது.

ஜனவரி இதழைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை.

படிவம் ஒன்று இணைத்திருக்கிறேன். அதை நிரப்பினாலும் சரி, வெறும் கடிதம் எழுதினாலும் சரி. கையெழுத்து முக்கியம்.

உன் பதிலுக்காகப் படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டே காத்திருக்கும்,
சேதுபதி மாமா

*

கிராஞ்சி
20 மே 2025

மாமாவுக்கு வணக்கம். நான் நலம். முழங்காலுக்குத் தைலம் போட்டு உட்காருங்கள், படியேறாதீர்கள். அம்மாவிடம் நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

ஜனவரி இதழைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்கிறீர்கள். பேசுகிறார்கள் என்று ருக்ஸானா சொல்கிறாள். பேசட்டும். வளாகச் செய்தியின் தமிழ்ப் பக்கத்துக்கு நான் ஆசிரியர். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரப் பள்ளியில் ஓராண்டுப் பயிற்சிக்கு இருந்த ஒரே இடம் என் வகுப்புத் தோழி இனியாவுக்குக் கிடைத்தது என்று கொட்டை எழுத்தில் போட்டேன். தெம்பனிஸில் அவள் வீட்டார் தங்கள் அடுக்குமாடி புளோக் முழுவதற்கும் பிரியாணி போட்டார்கள். மூன்றாம் நாள் கல்லூரி ஒட்டிய பட்டியலில் ஸ்ரீராமின் பெயர் இருந்தது. விசாரணையில் "சரிபார்த்தாயா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பிறகு அந்த வகுப்பில் இனியாவுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார என்னால் முடியவில்லை. அதனால்தான் இங்கே வந்தேன். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

இங்கே காலையில் வெயிலும் மதியத்தில் மழையும். செடிகள் எதுவும் கேட்பதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
கவிப்ரியா

*

ஜாலான் புசார்
2 ஜூன் 2025

இலைக்கும் கிளைக்கும் அரசியான மருமகளுக்கு, தைலம் மணக்க மணக்க மாமா எழுதுவது. உன் சொல்படி உட்கார்ந்தேன். அரைமணி நேரம். அதற்குள் அலுவலகம் நிலைகுலைந்து, தொலைபேசிகள் அழுது, மூன்று மாணவர்கள் தவறான வகுப்பில் சேர்ந்து பட்டம் வாங்கும் நிலைக்குப் போய்விட்டார்கள். ஓடிப் போய்க் காப்பாற்றினேன். நீ எப்படி இருக்கிறாய்? மழையில் நனையாதே.

உன் கடிதம் கிடைத்தது. விதிப்படி இரண்டு துளை போட்டு உன் கோப்பில் சேர்த்துவிட்டேன். துணைப் பதிவாளர் வெரோனிகா அம்மையார் அதை வாசித்து ஓரத்தில் சிறு குறி போட்டார். ஞாயிறு பூசையில்கூட அவர் அவ்வளவு பயபக்தியோடு வாசித்திருக்க மாட்டார். ஆக, இனி நீ எழுதுவது எல்லாம் கல்லூரியின் ஆவணம். நான் எழுதுவதைக் கோப்பில் போடுவதில்லை. அது இலக்கியம்.

செய்திகள். சென்ற வாரம் தீயணைப்பு ஒத்திகை. மணி அடித்ததும் நானூறு பேர் இறங்கி, எதிரே இருக்கும் இரும்புச் சாமான் கடையின் வாசலை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் வரிசையாக நின்றோம். கடைக்காரச் சீனர், எல்லோரும் வாங்க வந்திருக்கிறோம் என்று நினைத்து விளக்கையெல்லாம் போட்டார். கடைசியில் மனம் கேட்காமல் நான் ஒரு திருகாணி வாங்கினேன். மின்தூக்கி: பாகம் வந்துவிட்டது. தவறான பாகம்.

நீ எழுத வேண்டாம் என்று சொன்ன விஷயத்தை எழுதவில்லை. பத்திரிகை என்றால் ஒரு பிழை வராதா, அதற்கு ஒருவர் காட்டுக்கா போவார் என்றுகூட எழுதவில்லை. பார், எவ்வளவு கட்டுப்பாடு.

தேநீர் ஆறுவதற்குள் முடிக்கும்,
மாமா

*

கிராஞ்சி
10 ஜூலை 2025

மாமாவுக்கு, நலம். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். கோப்பில் போடுவீர்கள் என்று தெரிந்த பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான்கு தாள் கிழித்தேன்.

நான் கேட்டேன், மாமா. கேட்காமல் அந்தச் செய்தியைப் போடவில்லை. இரண்டு தடவை கேட்டேன். இதற்கு மேல் இந்தத் தாளில் எழுத முடியாது.

திருகாணி எதற்காவது பயன்பட்டதா?

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று சொல்ல இங்கே யாரும் இல்லை. நீங்கள் உண்மையாக எழுதுங்கள்.
கவிப்ரியா

*

ஜாலான் புசார்
14 ஜூலை 2025

என் அன்பு மருமகளுக்கு, ஆசிகள் ஆயிரம். முழங்கால் வைரம் போல இருக்கிறது. நேற்று நான்கு மாடியையும் நான்கே தாவலில் ஏறினேன். பார்த்தவர்கள் கை தட்டினார்கள். உனக்கு இருமல் எதுவும் இல்லையே?

உன் கடிதம் வந்தது. ஆனால் வரும் வழியில் மழையில் நனைந்திருக்க வேண்டும். இரண்டாம் பத்தி முழுக்க எழுத்து கலைந்து, நீலக் கடலாகக் கிடந்தது. எவ்வளவோ முயன்றும் படிக்க முடியவில்லை. போகட்டும், முக்கியமாக இருந்திருந்தால் நீ மறுபடி எழுதுவாய். கோப்பில் சேர்த்துவிட்டேன். கோப்பு திறந்தே இருக்கிறது.

மின்தூக்கிச் செய்தி: சரியான பாகம் வந்தது. ஆனால் அதைப் பொருத்தத் தெரிந்த ஒரே பொறியாளர் திருமணம் செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார். அவர் திரும்பும்போது குழந்தையோடு வருவார் என்று ஒலி முகம்மது சொல்கிறார். நூலகம் இனி சனிக்கிழமை இரண்டு மணி வரை. மாணவர் அட்டை பச்சை இல்லையாம், மறுபடி நீலமாம். அறை எண்களையெல்லாம் மாற்றியிருக்கிறார்கள். நேற்று ஒரு விரிவுரையாளர் தன் வகுப்பைத் தேடிக்கொண்டு ரோவெல் சாலை வரை போய்விட்டார். திருகாணியை என் மேசைக் காலுக்குப் போட்டேன். இப்போது மேசை ஆடுவதில்லை. நான்தான் ஆடுகிறேன்.

செப்டம்பர் 15 என்று ஒரு நாள் நாட்காட்டியில் இருக்கிறது. சும்மா சொன்னேன்.

உன் மாமா

*

கிராஞ்சி
18 ஆகஸ்ட் 2025

மாமாவுக்கு, நலம். உங்கள் வைர முழங்காலும் நலமாக இருக்கட்டும்.

சனிக்கிழமை காலை இனியா பண்ணைக்கு வந்தாள், அவள் அப்பாவோடு, கறிவேப்பிலைச் செடி வாங்க. என்னைத் தேடி வரவில்லை. நான் இங்கே இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நான் தொட்டிகளுக்குப் பின்னால் குனிந்து பையில் மண் நிரப்புவது போல இருந்தேன். இனியா கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். அவள் அப்பா நேரே என்னிடம் வந்தார்.

"நீதானேம்மா அந்த நியூஸ்லெட்டர் பிள்ளை?"

"ஆமா அங்கிள்."

"எந்திரி. எவ்ளோ நேரம் குனிஞ்சிருப்பே? இடுப்பு போயிடும் லா."

எழுந்தேன். கையெல்லாம் மண்.

"சாரி அங்கிள். நான் நேர்ல வந்து சொல்லிருக்கணும்."

"இனியா ஓகேம்மா. அடுத்த வருஷம் திரும்ப அப்ளை பண்ணுது. எனக்குத்தான் ஆறல. புளோக்ல எல்லாரும் கை குடுத்தாங்க. பதினோராம் மாடி ஆன்ட்டி ஆரஞ்சு கொண்டாந்து குடுத்துச்சு. அப்புறம் ஒவ்வொரு வீடா போயி, இல்லைங்க, தப்பான நியூஸ்னு சொன்னது நான்தான். பதினாலு மாடி." இனியா நின்ற பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. அத நீயா எழுதுனியா, யாராச்சும் சொன்னாங்களா?"

"நான் சரியா பாக்கல அங்கிள்."

"நான் கேட்டது அது இல்லையே."

அதற்குள் இனியா செடியோடு வந்துவிட்டாள். என்னைப் பார்த்து நின்றாள். "கவி, இதுக்கு வெயில் நேரா படணுமா?" என்றாள். "காலை வெயில் போதும்" என்றேன். ஏழு மாதத்துக்குப் பிறகு நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

நான் செப்டம்பரில் வரவில்லை, மாமா. படிவம் தர மாட்டேன். கோப்பை மூடிவிடச் சொல்லுங்கள். அங்கே வந்தால் அந்தக் கேள்வியை யாராவது மறுபடி கேட்பார்கள், நான் மறுபடி அதே பதிலைச் சொல்ல வேண்டும். செடிகளோடு இருப்பது சுலபம்.

இந்தக் கடிதம் மழையில் நனையவில்லை. உறையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி அனுப்புகிறேன்.
கவிப்ரியா

*

பதிவாளர் அலுவலகம்,
கதிரொளி சமூகக் கல்லூரி.
1 செப்டம்பர் 2025

செல்வி கவிப்ரியா அவர்களுக்கு, இறைவன் அருளால் நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறேன்.

ஆகஸ்ட் மாதத்துக்கான வளாகச் செய்தி உங்களுக்கு அனுப்பப்படவில்லை. அதை அனுப்பும் பொறுப்பில் உள்ள திரு சேதுபதி இரண்டு வாரமாகக் கடிதம் எதுவும் எழுதவில்லை. உடல்நலம் எப்படி என்று கேட்டால் நலம் என்கிறார். நகைச்சுவை எதுவும் சொல்வதில்லை. அலுவலகத்தில் எங்களுக்குக் கவலையாக இருக்கிறது.

ஆகவே விதிப்படி நானே எழுதுகிறேன். மீண்டும் சேர்வதற்கான படிவம் செப்டம்பர் 15, மாலை ஐந்து மணிக்குள் வர வேண்டும். உங்கள் ஆகஸ்ட் கடிதத்தை முடிவான பதிலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. தேதி வரை கோப்பு திறந்திருக்கும்.

இன்னொன்று. உங்கள் ஜூலைக் கடிதத்தின் இரண்டாம் பத்தி மழையில் கலைந்துவிட்டதாகத் திரு சேதுபதி சொல்லியிருந்தார். நான் எடுத்துப் பார்த்தேன். ஒரு துளிகூடப் படவில்லை. நீங்கள் யாரிடமோ இரண்டு முறை கேட்டிருக்கிறீர்கள். யாரிடம் என்று ஜனவரியில் நாங்கள் உங்களைக் கேட்கவில்லை. அது எங்கள் தவறு. இப்போது கேட்கிறேன்.

தங்கள் நலம் விரும்பும்,
வெரோனிகா
துணைப் பதிவாளர்

*

கிராஞ்சி
4 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய திருமதி வெரோனிகா அவர்களுக்கு வணக்கம். நான் நலம்.

யாரிடம் கேட்டேன் என்று சொல்ல விரும்பவில்லை. பக்கத்தின் ஆசிரியர் நான். பொறுப்பும் என்னுடையது.

மாமாவைப் படியேற விடாதீர்கள்.

பணிவுடன்,
கவிப்ரியா

*

ஜாலான் புசார்
8 செப்டம்பர் 2025

கவிப்ரியாவுக்கு,

நலமா? நான் நலம். முழங்கால் வலிக்கிறது. ஜூலையிலும் வலித்தது.

வெரோனிகாவுக்கு நீ எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. துளை போட்டுக் கோப்பில் சேர்க்கச் சொல்லி என் மேசையில் வைத்தார். வாசித்தேன். துளைக்கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து அவர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவரிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

ஜனவரியில் ஒரு நாள், தபால்களை வைக்கப் பதிவாளர் அறைக்குப் போனேன். பெர்த் பயிற்சிக்கான மூன்று கோப்புகள் மேசையில் இருந்தன. இனியாவுடையது மேலே இருந்தது. மேலே இருப்பதால் அவளுக்குத்தான் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. செய்திக் குறிப்பு எழுதும் இளஞ்சிவப்புச் சீட்டில், "பெர்த் இடம் இனியாவுக்கு உறுதி" என்று எழுதி உன்னிடம் கொடுத்தேன். "மாமா, ஷுவரா?" என்று கேட்டாய். "நாளைக்குச் சூரியன் வருமாங்கறதுலகூட எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கு, இதுல இல்ல" என்றேன். நீ சிரித்தாய். பிறகு, "ஜோக் இல்லாம சொல்லுங்க மாமா" என்றாய். "ஜோக் இல்லாமத்தான் சொல்றேன்" என்றேன்.

அந்தக் கோப்பு ஏன் மேலே இருந்தது என்று வெள்ளிக்கிழமை வெரோனிகாவிடம் கேட்டேன். அதில் ஒரு கையெழுத்து விடுபட்டிருந்ததாம். திருப்பி அனுப்புவதற்காக எடுத்து வைத்தார்களாம்.

விசாரணை அன்று நான் கோப்பித் தட்டோடு கதவுக்கு வெளியே நின்றேன். நீ "சரிபார்க்கவில்லை" என்று சொன்னது கேட்டது. உள்ளே வந்தேன். நான்கு கோப்பை வைத்தேன். நான்காவது உனக்கு. நீ என்னைப் பார்க்கவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து உனக்குச் சிரிப்பு மூட்டினால் போதும், நீ திரும்பி வந்துவிடுவாய், நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தில் மழை படவில்லை. அதுவும் நான் சொன்ன பொய்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, தெம்பனிஸுக்குப் போனேன். ஒன்பதாம் மாடியில் இனியாவின் அப்பா கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னேன்.

"அப்போ நீங்கதான் சொன்னதா?"

"நான்தான்."

"அந்தப் பிள்ளை ஏன் உங்க பேர சொல்லல?"

"நான் அதோட மாமா."

கதவை அகலத் திறந்தார். பிறகு, "பதினாலு மாடி சார்" என்றார். "தெரியும்" என்றேன். "தெரியாது. செருப்பப் போடுங்க, வாங்க" என்றார். மாடி மாடியாக, வீடு வீடாகக் கூட்டிப் போனார். ஒவ்வொரு வாசலிலும் மணி அடித்து, ஜனவரியில் வந்த தவறான செய்தியைச் சொன்னவர் இவர்தான் என்று சொல்லி என்னை முன்னால் நிறுத்தினார். நான் மன்னிப்புக் கேட்டேன். சிலர் அதை மறந்தே போயிருந்தார்கள். பதினோராம் மாடி அம்மாள் மறக்கவில்லை. நாலு மாடியோடு, என் நடையைப் பார்த்துவிட்டு, போதும் என்று விட்டுவிட்டார். இனியா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இன்று முதல் நான் பதிவாளர் அலுவலகத்தில் இல்லை. தரைத்தளத்தில் பார்சல் கவுண்டர். செய்திக் குறிப்பு எழுதும் வேலையும் என்னிடம் இல்லை. ஆனால் செப்டம்பர் இதழின் திருத்தத்தை மட்டும் என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதியது இதுதான்:

"திருத்தம். ஜனவரி இதழில், பெர்த் பயிற்சி இடம் மாணவி இனியாவுக்குக் கிடைத்தது என்று வந்த செய்தி தவறு. அந்தத் தகவலைக் கொடுத்தவர் பதிவாளர் அலுவலக ஊழியர் சேதுபதி. ஆசிரியர் கவிப்ரியா இரண்டு முறை கேட்டும் அவர் அது உறுதி என்றார். இனியாவிடமும் அவர் குடும்பத்தாரிடமும் கவிப்ரியாவிடமும் அவர் மன்னிப்புக் கேட்கிறார்."

வெரோனிகா ஒரு சொல்லையும் அடிக்கவில்லை.

எனக்காக நீ திரும்பி வர வேண்டாம். வர வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் வா. தேதி உனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தின் நகலை உன் கோப்பில் சேர்த்துவிட்டேன். துளை நானே போட்டேன்.

சேதுபதி

*

கிராஞ்சி
12 செப்டம்பர் 2025

மாமாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை யாரோ வேறு சேதுபதி எழுதியது என்று நினைத்தேன். ருக்ஸானாவிடம் காட்டினேன். "உங்க மாமாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள்.

கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். விசாரணை அறையில் நீங்கள் வைத்த கோப்பியை நான் குடிக்கவில்லை. அது ஆறி ஆடை கட்டும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை மாதமும் நான் காத்திருந்தது கல்லூரியின் கடிதத்துக்காக இல்லை. நீங்கள் மின்தூக்கியைப் பற்றி எழுதுந்தோறும், அடுத்த பத்தியில் சொல்லிவிடுவீர்கள் என்று பார்ப்பேன். அடுத்த பத்தியில் மாணவர் அட்டையின் நிறம் இருக்கும்.

இனி எதையும் சரிபார்க்காமல் ஏற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அதனால் கைப்பேசியைத் திறந்தேன். அம்மாவின் செய்திகள் நூற்றுப் பதினெட்டு. முதலில் அவருக்குப் பதில் போட்டேன். பிறகு இனியாவின் எண்ணுக்கு அழைத்து, அவள் அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒருவர் உண்மையிலேயே வந்தாரா என்று கேட்டேன்.

"வந்தாரும்மா. நல்ல மனுசன்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்னு இனியா சொல்லுச்சு, ஆனா அன்னிக்கு வாயே தொறக்கலயே."

"எத்தனை மாடி அங்கிள், நாலா?"

"யாரு சொன்னா நாலு? ஆறு. நான் நாலுலயே போதும்னேன். அவருதான், இல்ல சார், இன்னும் ரெண்டு போலாம்னு கைப்பிடியப் புடிச்சிக்கிட்டு ஏறுனாரு."

எனவே உங்கள் கடிதத்தில் ஒரு பிழை இருக்கிறது, மாமா. நாலு இல்லை, ஆறு. ஐம்பத்தொன்பது வருடத்தில் நீங்கள் முதல்முறையாக ஒன்றைக் குறைத்துச் சொல்லியிருக்கிறீர்கள். கோப்பில் உள்ள நகலில் திருத்திவிடுங்கள்.

அந்த இளஞ்சிவப்புச் சீட்டு என்னிடம்தான் இருந்தது. விசாரணை அன்று என் சட்டைப் பையில் இருந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். இத்துடன் திருப்பித் தருகிறேன். அதன் பின்னால் மடித்து வைத்திருப்பது மீண்டும் சேர்வதற்கான படிவம். இரண்டிலும் துளை போடுங்கள்.

இதைத் தபாலில் போடவில்லை. திங்கட்கிழமை காலை ருக்ஸானாவின் அப்பா லாரியில் செடி இறக்க ஜாலான் புசார் வருகிறார். நானும் வருகிறேன். பார்சல் கவுண்டரில் யார் இருந்தாலும் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து முக்கியம்.

தைலத்தோடு வரும்,
கவிப்ரியா

*

(இளஞ்சிவப்புச் சீட்டு)

13 அக்டோபர் 2025
பெறுநர்: ஆசிரியர், தமிழ்ப் பக்கம், வளாகச் செய்தி
அனுப்புநர்: பார்சல் கவுண்டர், தரைத்தளம்

ஆசிரியர் அவர்கள் நலமாக இருக்கிறார் என்பதைக் காலையில் நேரில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். செய்தி: கல்லூரி மின்தூக்கி இன்று 9.40 மணிக்கு இயங்கத் தொடங்கியது. நான் ஏறிப் பார்த்தேன். நான்காம் மாடி வரை போனது. திரும்பியும் வந்தது.

சேதுபதி

(அதே சீட்டின் கீழே, பென்சிலில்)

சரிபார்த்தேன். 10.15க்கு நானும் இனியாவும் ஏறினோம். செய்தி உண்மை. ஆனா மாமா, எட்டு மாசம் காத்திருந்த லிப்ட், இதையா இவ்ளோ சப்புன்னு எழுதுவீங்க? உண்மை மாறாம இன்னொரு தடவை எழுதிக் கொடுங்க. நாலு மணிக்குள்ள வேணும்.

க.